மாதா கெபி எண்ணெயும் என் ஒற்றைக் கண்ணும்

ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜெனி எழுதுகிறாள்.

சின்ன வயதிலேயே அம்மை போட்டு என் இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துத்தான் தருவைகுளம் கரையில் மீன் வாங்கி விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், விளமீன் உரசும்போது செதில் ஒன்று தெறித்து அந்தக் கண்ணில் அடித்தது. ஜெனி உரசினால் பாதிச் செதில் குழம்பில் மிதக்கும், அதனால் எப்போதும் நான்தான் உரசுவேன். இதையும் எழுதச் சொன்னேன். முறைத்துக்கொண்டே எழுதுகிறாள்.

எங்கள் ஊரில் மாதா சொரூபம் வைத்த குகைக்கோயிலான கெபியின் விளக்கு எண்ணெயைத் தொட்டு நெற்றியில் பூசுவது வழக்கம். நான் அதைத் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து வந்து, காலையும் மாலையும் கண்ணுக்குள்ளேயே விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாதாவை நம்பாதது போல ஆகிவிடுமே என்று பயம். ஒரு வாரம் விட்டேன். வலி மண்டையைப் பிளந்தது. பிறகு எல்லாம் புகை மூடிவிட்டது.

ஜெனி என் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அலறினாள். “மாமி, பழைய மீன் கண்ணு மாதிரில்லா வெளுத்துக் கெடக்கு!”

மீன்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அப்படிக் கண் இருக்கிற மீனை யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

கண்ணில் என்ன விட்டீர்கள் என்று தூத்துக்குடியில் கண் டாக்டரம்மா கேட்டபோது, நான் செதில் அடித்ததை மட்டும் சொன்னேன். ஜெனிதான் எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை.

“பாட்டி, கண்ணுக்கு முன்னால கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கு. வெளிச்சம் அது வழியாப் போயி, கண்மணி ஓட்டைக்குள்ள நுழைஞ்சு, லென்ஸைத் தாண்டி, பின்னால இருக்க விழித்திரையில விழும். அங்கேருந்து நரம்பு மூளைக்குச் சொல்லும். உங்களுக்கு உள்ள எல்லாம் நல்லாருக்கு. முன்கண்ணாடிதான் புண்ணாயிருச்சு.”

“லென்ஸுன்னா, குழம்பு மீன் கண்ணுக்குள்ள வெள்ளையா உருண்டை கெடக்குமே, அதா?”

“அதேதான். வேகறதுக்கு முன்னால அது தெளிவா இருக்கும்.”

இத்தனை வருடம் அதைச் சப்பித் துப்பியிருக்கிறேன், என்னவென்றே தெரியாமல்!

மணிக்கு மணி மருந்து விட்டுப் புண் ஆறியது. ஆனால் வெள்ளைத் தழும்பு போகவில்லை. பகலா இரவா என்பது மட்டும் தெரியும். இறந்தவர் யாராவது கொடுத்த கண் வந்தால் முன்தோலை மாற்றித் தைக்கலாம் என்றார்கள்.

ஜெபமாலையைப் பிடித்தேன். “மாதாவே, சீக்கிரம் ஒரு கண்ணைக் கொடு.” சில நாள் கழித்து, மணி உருட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது.

“ஏளா ஜெனி, நான் யாரு சாவணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்?”

அவள் அரிவாள்மணையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சாவைக் கேக்காதிய மாமி. அழுவுற வீட்டுல கொடுக்க மனசு வரணும்னு கேளுங்க.”

அன்றிலிருந்து அப்படியே கேட்டேன். முகம் தெரியாத அந்த வீட்டுக்காகவும் அழுதேன். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

கட்டுப் பிரித்ததும் கலங்கலாகத்தான் தெரிந்தது. நாள் போகப் போகத் தெளிந்தது. ஜெனியின் மூக்குத்தியைப் பார்த்தபோது “தோத்திரம் ஆண்டவரே” என்று கத்திவிட்டேன். ஆனாலும், அன்பானவர்களே, என் சந்தோஷத்துக்குள் ஒரு துக்கம் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தாய் பெற்ற கண்ணோ, எனக்குச் சொல்லவில்லை. தினமும் விழித்ததும் முதல் ஜெபம் அந்த வீட்டுக்குத்தான்.

மருத்துவத்தை ஒதுக்குவது விசுவாசம் இல்லை என்று பட்டுத்தான் கற்றேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள், கேட்டுவிட்டு டாக்டரிடமும் ஓடுங்கள். கொடுக்கவும் மனசு வையுங்கள். ஜெனி கண்தானத்துக்கு உடனே கையெழுத்துப் போட்டாள். என் மகன்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினான்.

“எம்மா, கண்ணில்லாம மோட்சத்துல எப்படி வழி தெரியும்?”

“போடுல கையெழுத்த. ஒனக்கு முன்னால நான் அங்கன போயிருவேம்லா? வாசல்ல நின்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”