பெயிண்ட்டைப் பார்க்காதே, குழாயைப் பார்

மும்பையை அடுத்த நெருளில் என் வீட்டுப் பால்கனியில் காலைக் காப்பியோடு உட்காரும்போது, பெரும்பாலும் உமாவின் செய்தி செல்பேசியில் வந்து காத்திருக்கும். உமா என் அக்காவின் மகள். அறுபதைத் தாண்டிவிட்டாள். வருடத்துக்கு இரண்டு முறையாவது உல்லாசக் கப்பலில் போகிறாள். போகாத மாதங்களில், போகப்போகிறவர்களுக்கு யோசனை சொல்கிறாள். போன வாரம் நான் கேட்காமலே எனக்கும் வந்தது.

"சித்தி, ரூம் எடுத்தா கப்பலுக்கு நடுவுல, கீழ்த்தளமா பாத்து எடுக்கணும். பால்கனிக்கு ஆசைப்படாதே. மொத நாள் சாப்பாட்டு வரிசையப் பாத்து மயங்காதே. அதுக்காக வெறும் வயத்தோடயும் இருக்காதே."

கூடவே ஒரு பச்சை ஆப்பிளின் படம். அதைக் கடித்துக்கொண்டிருந்தால் குமட்டாதாம். மும்பையிலிருந்தே இப்போது கப்பல் புறப்படுகிறது, எண்பதைத் தாண்டிய நான் ஒரு தரமாவது ஏறித்தான் ஆகவேண்டும் என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆப்பிளைத் தவிர மற்றதையெல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில், மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் குளியலறையில், இதே உமாவைக் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஐந்து மாதக் குழந்தையின் காதில் விழுந்து தங்கிவிட்டதோ என்னவோ.

விளக்கெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் கலந்து சூடாக்கினால் ஒரு வாசனை வரும். அதோடு சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் மற்றவர்களுக்குக் குழந்தை நினைவுக்கு வரும். எனக்குக் கப்பல் வருகிறது. காரணம் பேச்சி.

பேச்சிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். லேபர் கேம்ப்பில் வீடு. கணவருக்குத் தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர். பிள்ளைபெற்ற வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டுவது அவள் தொழில். ஆனால் வருடத்தில் சில மாதங்கள் அவள் மும்பையிலேயே இருக்கமாட்டாள். மாட்டுங்காவில் இருந்த குஜராத்திக் குடும்பங்கள் பலவற்றுக்கு மொம்பாசாவில் சம்பந்தம் உண்டு. பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்த பெண் கைக்குழந்தையோடு கப்பலில் திரும்பும்போது, துணைக்குப் பேச்சியை அனுப்புவார்கள். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிடுவாள். அப்படி ஏழு முறை போய்வந்தவள் ஆகையால், எங்கள் தெருவில் கப்பலைப் பற்றிப் பேச அவளுக்குத்தான் தகுதி இருந்தது.

எனக்கும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோட்டைப் பகுதியில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிழைதிருத்துபவளாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கப்பல்கள் வருகிற, புறப்படுகிற பட்டியல் என் பொறுப்பு. ஒரு தடவை என் கையால் ஒரு கப்பல், புறப்படுவதற்கு முந்தின நாளே மொம்பாசாவைச் சென்றடைந்துவிட்டது. அதற்குப் பிறகும் கப்பல்களின் பெயர்களை வீட்டில் உறவினர்களைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு படகில்கூட ஏறியதில்லை.

அக்கா ஏறியிருக்கிறாள். கல்லூரி நாளில் எலிபெண்டா தீவுக்கு மோட்டார் படகில் போய், போகும்போதும் வரும்போதும் வாந்தியெடுத்து, இனிமேல் கடலைக் கரையிலிருந்துகூடப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தவள். அவளைத்தான் மொம்பாசா ரயில்வே அலுவலகத்தில் கணக்கராக இருந்த அத்திம்பேருக்குக் கொடுத்திருந்தோம். பிரசவத்துக்கு முன்னால் அவர் தனியாகப் போய்விட்டார். குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை. முதல் கப்பலுக்குச் சீட்டு வாங்கியபோது அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாவதற்கு வாங்கியபோது குழந்தைக்குச் சளி. காய்ச்சல் நிஜம், சளியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. மூன்றாவது கப்பலையும் விட்டால் அங்கே தங்குவதற்கான அனுமதி காலாவதியாகிவிடும். அந்த நாட்டில் ஆட்சி மாறிக்கொண்டிருந்த நேரம். மறுபடி விண்ணப்பித்தால் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது என்று அத்திம்பேர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அக்கா மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

அந்த மூன்றாவது கப்பலில்தான் பேச்சியும் ஒரு குஜராத்தி மருமகளோடு போவதாக இருந்தாள். அதனால் குளியல் நேரம் பாதி குழந்தைக்கும் பாதி அக்காவுக்குமாக நடந்தது. வெந்நீரை ஊற்றிக்கொண்டே, கப்பலுக்கும் வயிறு உண்டு, நடு வயிற்றில் படுக்கையைப் போட்டால் ஆட்டம் தெரியாது என்பாள். காற்றுக்கு ஆசைப்பட்டு மேல்தளத்து ஓரத்தில் இடம் பிடிக்கிறவர்கள் இரண்டாம் நாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கீழே வருவார்களாம். பொரியும் வறுகடலையும் ரொட்டியும் வைத்துக்கொள்ள வேண்டும், தயிர்சாதத்தைத் தொடக்கூடாது. முதல் நாள் வந்து சிநேகமாகிறவர்களை நம்பக்கூடாது, மூன்றாம் நாள் அவர்கள் நம் வாளியில் குளித்துக்கொண்டிருப்பார்கள். கப்பல் நல்லதா கெட்டதா என்பதற்கு அவளிடம் ஒரே சோதனைதான் இருந்தது.

"பெயிண்ட்டப் பாக்காதிய சின்னம்மா, குழாயப் பாருங்க. குழாயில தண்ணி ஒழுங்கா வந்தா அந்தக் கப்பலு ஏக்தம் நல்ல கப்பலு."

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். "ஏண்டி பேச்சி, அந்தக் குழாயில ஜலம் யார் பிடிச்சுக் குடுப்பா?"

"யாரு புடிச்சாலும் ஒரே குழாதான் பெரியம்மா."

பேச்சிக்குக் காப்பி தருகிற பித்தளை டம்ளர் ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பேச்சியே எடுப்பாள், குடிப்பாள், கழுவிக் கவிழ்ப்பாள். நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அச்சில் ஒரு கால்புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது தவறாகப் படவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

குழந்தைக்குக் குமட்டாதா என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். பேச்சி உமாவைத் திருப்பிப்போட்டு, மொம்பாசாவில் கற்றுவந்த "போலே போலே" என்ற சொல்லைச் சொல்லிச் சமாதானப்படுத்தினாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"பத்து மாசம் இவ ஆட்டத்துலதான கெடந்தா? பயமெல்லாம் உங்களுக்குத்தான். நீங்கதான் கடலப் பாத்துப் பயப்படுதிய. கடலு உங்களப் பாக்கவே இல்ல."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழு முறை போனவளுக்குப் பேச்சு எளிது, நீ எதற்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறாய் என்று கேட்டாள். பேச்சி துண்டால் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே சாவகாசமாகப் பதில் சொன்னாள்.

"போவும்போது வேல சின்னம்மா. திரும்பி வரும்போதுதான் நான் பாசஞ்சர். ஒம்பது நாளு. ஒருத்தரும் பேச்சின்னு கூப்புடமாட்டாவ."

புறப்பட எட்டு நாட்கள் இருக்கும்போது, பேச்சி தன் முதல் விதியை மறுபடியும் சொன்னாள். பெட்டி போகலாம், படுக்கை போகலாம், காகிதம் மட்டும் உடம்பை விட்டுப் போகக்கூடாது. இடுப்பில் கட்டிக்கொள்ளத் துணிப்பை ஒன்று அவளே தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதை வாங்கி அலமாரியில் வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கிடையில் அப்பா பஞ்சாங்கத்தை விரித்துவிட்டார். கப்பல் ஏறவேண்டிய நேரம் சுத்தமான ராகுகாலம். கப்பல் கம்பெனிக்கு அதைச் சொல்ல முடியாது. இதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு, பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றை வீட்டைவிட்டு அனுப்பி இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. பெரும்பாலும் பக்கத்து வீட்டிலேயே வைத்துவிடுவார்கள். அப்பா, கடல் தாண்டுவதற்குப் பக்கத்து வீடு போதாது என்று செம்பூரில் இருந்த நண்பர் வைத்தி மாமா வீட்டைத் தேர்ந்தெடுத்தார். பையில் வைக்கும் சாமானும் ஒப்புக்கு இருக்கக்கூடாதாம். எது இல்லாமல் பயணம் நடக்காதோ அது இருக்கவேண்டும். ஆகவே மஞ்சள், பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துண்டு, இவற்றோடு அக்காவுக்கும் குழந்தைக்கும் அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டதற்கான மஞ்சள் அட்டைகளை ஒரு பழுப்பு உறையில் போட்டு, எங்கள் கண்ணெதிரே பையில் வைத்தார். இரவு அந்தப் பை கூடத்தில் இருந்தது. விடியற்காலை நல்ல நேரத்தில் செம்பூர் போய்விட்டது.

கப்பல் புறப்படும் நாள் பாலார்ட் பியர் துறைமுகத்தில் ஒரே கூட்டம். பயணிகளை ஒரு கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அக்கா குழந்தையோடும் பேச்சியோடும் வரிசைக்குள் போய்ப் பார்வையிலிருந்து மறைந்த பிறகு, வழியனுப்ப வைத்தி மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமி கையில் மல்லிகை, மாமா கையில் முறுக்கு டின். வேறு ஒன்றும் இல்லை.

"பை எங்கே வைத்தி?" என்று அப்பா கேட்டார்.

"நீங்கன்னா வந்து எடுத்துண்டு போவேள்னு இருந்தேன்."

அவர் கொண்டுவருவார் என்று அப்பா இருந்திருக்கிறார். ஒருவருக்கொருவர் சிரமம் கொடுக்கக்கூடாது என்று இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அட்டை இல்லாமல் துறைமுக டாக்டர் யாரையும் ஏறவிடமாட்டார். உள்ளே போனவரை வெளியே அழைக்க முடியாது என்று வேலியருகே நின்ற காவலாளி சொல்லிவிட்டான். மாமியின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு நான் ஓடினேன்.

வி.டி. ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயில். செம்பூரில் இறங்கிப் பையை எடுத்து, அடுத்த வண்டியில் ஏறியதும், இறங்கிய கையோடு நீட்டத் தயாராக இருக்கட்டும் என்று உறையைத் திறந்தேன். உறை காலி. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தேங்காய் பெண்கள் பெட்டியின் குறுக்கே உருண்டது. ஒரு மராட்டிக்காரி காலால் நிறுத்தி எடுத்துக் கொடுத்தாள். வடாலா வருவதற்குள் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்ததற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன். காய்ச்சல், சளி, இப்போது அட்டை. அக்காவேதான் எடுத்து எங்கோ போட்டுவிட்டாள். போகாமல் இருக்க அவளுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. வி.டி.யிலிருந்து துறைமுகம்வரை நான் ஓடவில்லை. நடந்தேன்.

வேலியருகே அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலின் நடுப்பகுதியில், கைப்பிடிக் கம்பியோரம் பேச்சி குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அக்கா. என் கையிலிருந்த பையைப் பார்த்ததும் அக்கா சிரித்தாள். வலது கையால் இடுப்பை இரண்டு முறை தட்டிக் காட்டினாள்.

பை கூடத்தில் இருந்த இரவே அட்டைகளை எடுத்து, பேச்சி தைத்த துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எங்களிடம் சொன்னால் அப்பா மறுபடி பையில் வைத்துவிடுவார் என்று சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அவளை எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் கிளம்பிவிட்டிருந்தாள்.

அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "அப்போ பரஸ்தானமா போனது வெறும் பையா?" என்றார்.

"பொண்ணு ஏறிட்டாளோன்னோ, விடுங்கோ" என்றாள் அம்மா.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வழக்கம்போல நான்தான் உரக்கப் படித்தேன். இரண்டாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை, பேச்சி பொரி கொடுத்தாள், மூன்றாம் நாள் சரியாகிவிட்டது, அத்திம்பேர் குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். நடுவில் ஒரு வரியை மட்டும் படிக்காமல் தாண்டினேன். 'அவள் டம்ளரில்தான் நானும் தண்ணீர் குடித்தேன், அம்மாவிடம் சொல்லாதே.' கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மறுமாதம் பேச்சி திரும்பிவந்தாள். நன்றாகத் தூங்கியவளின் முகம். எங்களைப் பார்க்க வந்தபோது அவள் கை வழக்கம்போல ஜன்னல் விளிம்புக்குப் போயிற்று. டம்ளர் அங்கே இல்லை. அம்மா உள்ளேயிருந்து மூன்று டம்ளர்களில் காப்பி கொண்டுவந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். பேச்சி கொஞ்சம் சர்க்கரை கேட்டாள்.

மொம்பாசாவுக்குப் போன அந்தப் பயணிகள் கப்பல்கள் நின்று வெகுகாலம் ஆகிறது. மருமகள்கள் விமானத்தில் போகத் தொடங்கியதும் துணைக்கு ஆள் தேவைப்படவில்லை. பேச்சி குடும்பம் கோவண்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு முறை தேடிப்போனேன், கிடைக்கவில்லை. அக்காவும் இல்லை. தோல் பதனிட்ட இடமும், நான் அந்தப் பட்டியலைத் திருத்திய மேஜையும் இல்லை. துறைமுகத்தில் கம்பிவேலி இருந்த இடம் இப்போது குளிர்சாதனக் கூடமாம். உமா படம் அனுப்பியிருக்கிறாள்.

நேற்று அவளுக்குப் பதில் எழுதினேன். சீட்டு வாங்கிவிடு. நடுவில், கீழ்த்தளத்தில். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று மட்டும் விசாரி. திரும்பி வருகிற நாட்களில் என்னை யாரும் கூப்பிடக் கூடாது.

பிறகு அலமாரியில் தேடினேன். அன்று செம்பூர் போய்வந்த அந்தப் பை இருந்தது, நிறம்தான் வெளுத்துவிட்டது. அப்பா இருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்திருப்பார். பரஸ்தானம் வைக்கலாம் என்றால், செம்பூரில் இப்போது எங்களுக்குத் தெரிந்த வீடு ஒன்றும் இல்லை.