சோதிக்காமல் போட்ட டிக்

எண்பதுகளில் ஆப்பிரிக்க நாடு ஒன்றில் ரயில்வே சிக்னல் அமைக்கும் வேலைக்கு நான் மேனேஜராக இருந்தேன். தங்கை கல்யாணத்துக்காக ஸ்ரீரங்கம் கிளம்பிய அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். ஒரு ஸ்டேஷனில் தண்டவாளம் பிரியும் மூன்று இடங்களில் இரண்டை மட்டும் சோதித்துவிட்டு, மூன்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன்.

பந்தக்கால் நட்ட அன்று காலை அங்கிருந்து தந்தி வந்தது. நாளை மறுநாள் முதல் ரயில் ஓடப்போகிறதாம். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? போய் போன் பண்ணுங்க," என்றாள்.

"வேலை போயிடும்," என்றேன்.

"போகட்டுங்க. ரயில்ல ஆளுங்க இருப்பாங்கல்ல."

திருச்சி தந்தி ஆபீசில் டிரங்க் கால் பதிவு செய்து நாலு மணி நேரம் காத்திருந்தேன். அந்த நாட்டு இன்ஜினியர் டேனியல் லைனில் வந்தார். மூன்றாவதை நான் சோதிக்கவில்லை என்று சொன்னேன்.

"தெரியும். வயர் மாறியிருந்தது. நேற்றே சரிசெய்துவிட்டேன்," என்றார். "நீங்களாகச் சொல்லட்டும் என்றுதான் தந்தி அடித்தேன். ரிப்போர்ட் இன்னும் போகவில்லை."

"நடந்ததை அப்படியே எழுதுங்கள்," என்றேன்.

மேனேஜர் பொறுப்பு அவருக்குப் போனது. அவருக்குக் கீழே இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மனைவி அன்று அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் நான் போன் செய்திருப்பேனா என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.