முதல் பலகையில் ஆமை

பொம்மைப் படம் பார்க்கும் பெரியவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கழுதை வயசாகியும் இதென்ன கூத்து என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். என் வாய் அப்படி. அதே வாயால் இப்போது நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கணவர் பஸ் டிரைவர், பத்தொன்பது வருஷ சர்வீஸ். டெப்போவில் அவருக்குக் ‘கறார்’ என்று பெயர். வண்டியை எடுக்குமுன் ஒரு முழுச் சுற்று சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் தட்டுவார், இரண்டு பக்கக் கண்ணாடியையும் துடைப்பார், குனிந்து அடியில் பார்ப்பார். ஒரே சுற்றுதான், கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று நான் இரண்டாம் முறை எழுந்து போனால், ஒரு தடவை ஒழுங்காய்ப் பார்த்தால் போதாதா என்று கேலி செய்வார்.

அப்படிப்பட்டவரின் பஸ்ஸில், நகரத் தொடங்கிய பிறகு ஓடி வந்து ஏறப் பார்த்த ஒருவர் வழுக்கிப் பின்சக்கரத்தின் ஓரமாக விழுந்தார். கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று. விசாரணையில் டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். விழுந்தவரும் படுக்கையில் இருந்தபடியே, அவசரப்பட்டது நான்தான் என்று சொல்லிவிட்டார். ஊரே மன்னித்தாலும் இவர் மனசு கேட்க வேண்டுமே.

லீவு முடிந்து வேலைக்குப் போனார். ஒரு சுற்று சுற்றி ஏறினார். சாவியில் கை வைத்தவர் மறுபடி இறங்கிப் பின்சக்கரத்தைப் பார்த்தார். ஏறினார், இறங்கினார். ஆறு சுற்று ஆனதும் ஜனங்கள் முணுமுணுக்க, வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்துப் போனார். மறுநாளும் அதேதான். டெப்போ மேலாளர் நல்ல மனிதர். இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், முடியாவிட்டால் ஸ்டோரில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுக்கட்டும் என்றார். சம்பளம் குறையாது. ஆனால் ஸ்டியரிங் இல்லாத இவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் தேற்றிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மாதம் முடிய ஒரே நாள் இருந்தது. அன்று ஞாயிறு. எங்கள் மகளுக்கு ஒன்பது வயசு. அட்டை கிழிந்து தொங்கும்வரை அவள் படித்த ஒரு மாயக்கதைப் புத்தகத்தைப் பொம்மைப் படமாக எடுத்திருந்தார்கள். அப்பாவைப் பிடித்து இழுத்து டி.வி. முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். நான் துணி மடித்துக்கொண்டே, இருக்கிற கவலையில் இது வேறயா என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

மேகங்களே ஆறாக ஓடும் ஊர். அங்கே ஒரு கரடி படகோட்டி. ஒரு நாள் அது கவனிக்காத நேரத்தில் முயல் ஒன்று மேகத்துக்குள் தவறி விழுந்து, எப்படியோ பிழைத்துவிடுகிறது. அப்புறம் கரடி படகின் கயிற்றை அவிழ்க்கும், உடனே கட்டும். அவிழ்க்கும், கட்டும். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது.

“புத்தகத்துல இதெல்லாம் இல்லப்பா. ‘கரடி மறுபடி படகை எடுத்தது’ன்னு ஒரே வரிதான்” என்று மகள் படத்தை வேகமாக முன்னால் ஓட்டிவிட்டாள்.

“திருப்பிப் போடும்மா. அந்தக் கயிறு இடத்துக்குப் போ” என்றார் அவர்.

அவர் குரலைக் கேட்டு நான் துணியைக் கீழே வைத்தேன்.

கரையில் எல்லோரும் நின்றார்கள். யாரும் படகில் ஏறவில்லை. ஓர் ஆமை மட்டும் மெதுவாக வந்தது. ஆறுதல் சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை. முதல் பலகையில் உட்கார்ந்து, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டது. கரடி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கயிற்றை ஒரே ஒரு தடவை அவிழ்த்தது.

மகள் அலுத்துப்போய்த் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள். கரடியின் தொப்பி காற்றில் பறந்தபோது விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். அது அவளுக்கு வைத்த பங்கு. இந்த மூன்று நிமிஷம் எங்களுக்கு வைத்தது. இவர் இன்னும் இரண்டு முறை திருப்பிப் போடச் சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்தது. அதை வரைந்தவர் யாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். மறுநாள் அங்கே லீவு சொல்லிவிட்டு முதல் டிரிப்புக்கே டெப்போ போனேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் ஒரு சுற்று முடித்து ஏறினார். சாவியில் கை வைத்தார். கை நின்றது. இறங்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் ஏறி, அவருக்குப் பக்கவாட்டில் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தார். வாயில் ஆயிரம் வார்த்தை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனையையும் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு எஞ்சின் உறுமியது. வண்டி நகர்ந்தது.

யாரோ தோளைத் தட்டியதும் விழித்தேன். வண்டி காலியாக இருந்தது. அவர் எதிரே நின்றிருந்தார்.

“கடைசி ஸ்டாப் வந்தாச்சு. நிஜமாவே தூங்கிட்டியா?”

நடிக்கத்தான் கண்ணை மூடியிருந்தேன், எப்போது தூங்கிப்போனேன் என்றே தெரியவில்லை.

“ஆமாங்க, எந்த ஸ்டாப்லயும் முழிப்பே வரல” என்றேன்.