எதிர்த் தட்டில் கருங்கல்

திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனையும் என் கைக்கு வந்துதான் போயின. மற்றவர்கள் தொட்டதும் உண்டு, தொட்டுக் கெடுத்ததும் உண்டு. கடைசியில் என் பட்டறை வாசலில்தான் வந்து நிற்கும். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கத் தொடங்கி, பஸ் ஷெட்டில் சக்கரம் கழுவி, எவன் காலிலும் விழாமல் சொந்தப் பட்டறை போட்டவன். ஒருவன் வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது அவன் கையைப் பார்த்தே முன்பக்கத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் புகையிலை வியாபாரி வந்த அன்றும் கையைத்தான் முதலில் பார்த்தேன். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வண்டி, இடப்பக்கம் ஆள் உட்காரத் தனிச் சக்கரத்தோடு பச்சை பெயிண்ட் அடித்த பெட்டி. ஆள் ஒல்லி, வெள்ளைச் சட்டை. வேகத்தைக் குறைத்ததும் ஹேண்டில்பார் சல்லடை சலிப்பது போல ஆடியது. அவர் இரண்டு மணிக்கட்டும் அதோடு சேர்ந்து ஆடின.

"மேஸ்திரி, இந்தச் சனியன் என்னைய ரெண்டு விதமாக் கொல்லுது" என்றார். "நான் தனியா வந்தா தலையை ஆட்டுறதோட சரி. எங்க வீட்டுக்காரி பெட்டியில ஏறி உக்காந்தாப் போதும், இடப்பக்கம் பள்ளத்துக்கே இழுத்துட்டுப் போகுது. போன வாரம் அவ பொறந்த ஊரு கன்னிவாடிக்குப் போறப்ப, ரோட்டை விட்டு எறங்கிக் கத்திரித் தோட்டத்துக்குள்ளயே போயிருச்சு."

"அடி பட்டுச்சா?"

"எனக்கு முட்டியில சிராய்ப்பு."

மனைவிக்கு என்ன ஆனது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"அவ ராசிதான்னு எங்காத்தா சொல்லுது. எனக்கும் அப்படித்தான் படுது. நீ பாத்துச் சொல்லு. வண்டிக் கோளாறுன்னா சரிபண்ணிரு, அவ இருந்துட்டுப் போகட்டும். அவளாலதான்னா கன்னிவாடியிலயே கொண்டுபோய் விட்டுருவேன். வண்டியா அவளா, ரெண்டுல ஒண்ணுதான் வீட்டுல."

பத்துப் பேர் நிற்கிற பட்டறையில் சொன்னார். பேச்சில் கோபம்கூட இல்லை.

"மொதலாளி, வண்டிக்கு ராசியெல்லாம் தெரியாது. கனம் ஒண்ணுதான் தெரியும்" என்றேன். நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தக் காலத்தில் நான் எதைச் சொன்னாலும் தலையாட்ட ஆள் இருந்தது.

சைடுகார் வண்டியில் ஆட்டம் வேறு, இழுப்பு வேறு. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்தவன் கையில் வண்டி உருப்படாது. முதலில் ஆட்டத்தைப் பிடித்தேன். முன்சக்கரத்தை மரக்கட்டையில் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடிக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் 'டொக் டொக்' என்றது. ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் பிடிப்பு இல்லை. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது. மேலே இருக்கிற ஒரு திருகை யாரோ முழுக்க இறுக்கி வைத்திருந்தார்கள். ஆட்டத்தை அடக்கத்தான் அந்தத் திருகு. ஆனால் தேய்ந்துபோன கழுத்தை அதை வைத்து மறைப்பது, உடைந்த காலுக்கு மேல் நல்ல வேட்டி கட்டுகிற வேலை. கழுத்தைப் பிரித்தேன். உள்ளே இருக்கிற இரும்புக் குண்டுகள் தாங்கள் உருள வேண்டிய கிண்ணத்திலேயே குழி பறித்திருந்தன.

"இதுக்கு முன்னால யார்கிட்ட விட்டீங்க?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'மதுரையில் தொழில் பயின்றவர்' என்று போர்டு மாட்டி ஒருவன் கடை வைத்திருந்தான். அவனிடம்தான். ஆள் அனுப்பிக் கூட்டிவரச் சொன்னேன். ஏதோ வேலையில் உதவி கேட்கிறேன் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாக வந்தான். எல்லோருக்கும் முன்னால் அந்தக் கிண்ணத்தை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"வாங்க மதுரைக்காரரே. புளியங்கொட்டை கொண்டாரச் சொல்லவா? இதுல பல்லாங்குழி ஆடலாம்."

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவன் முகம் கறுத்துப் போனது.

"அது தேஞ்சதுதாண்ணே. சாமான் வர நாளாகும்னு இறுக்கி விட்டேன். ஆனா பெட்டியை நான் நேராத்தான் வச்சேன்."

"நேராத்தான் வச்ச. யாரை உக்கார வச்சு?"

"வெறும் வண்டியிலதான். அடுத்தவுக சம்சாரம் எம்புட்டுக் கனம்னு நான் எப்படிண்ணே கேக்குறது?"

அதுதான் விஷயம். குடும்பப் பெண் பட்டறைக்கு வரமாட்டாள். அவள் எடையை இன்னொரு ஆண் கேட்கவும் மாட்டான். அதனால் நம் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் வெறும் பெட்டியை வைத்தே அளவு பார்த்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்ததும் பெட்டியின் ஸ்பிரிங் அமுங்கும். வண்டி மொத்தமும் இடப்பக்கம் சாயும். சாய்ந்த பக்கம்தானே இழுக்கும்!

"கேக்க வெக்கப்படுறவன் பூக்கட்டப் போகணும்லே. இங்க என்ன வேலை?" என்றேன்.

அன்றிலிருந்து டீக்கடையில் அவனுக்குப் பல்லாங்குழி என்றே பெயர். வாடிக்கையாளர்களும் அவன் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் போர்டைக் கழற்றிவிட்டு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எண்ணெய் விடுகிற வேலைக்குப் போய்விட்டான். தொழில் தெரியாதவன் போனால் ஊருக்கு நல்லது.

குண்டும் கிண்ணமும் மதுரையிலிருந்து வரவழைத்துப் போட்டேன். ஆட்டம் நின்றது. இனி இழுப்பு.

"மொதலாளி, அம்மா வந்து பெட்டியில உக்காரணும்."

"பட்டறைக்கெல்லாம் எங்க வீட்டுப் பொம்பளை வரமாட்டா."

"அப்ப கனத்தை மட்டும் அனுப்புங்க."

அவர் கிடங்கில் புகையிலைச் சிப்பம் நிறுக்கிற பெரிய தராசு ஒன்று உத்தரத்தில் தொங்கியது. ஒரு தட்டில் அவளை ஏற்றி, மறு தட்டில் கல் வைத்துச் சமன் பார்ப்பது, அந்தக் கல்லை நான் பட்டறைக்கு எடுத்துப்போவது என்று முடிவானது. அந்த யோசனை என்னுடையதுதான். இன்று நினைத்தாலும் அதைவிட நல்ல யோசனை எவனுக்கும் தோன்றியிருக்காது.

ஜட்காவில் மாமியாரோடு வந்து இறங்கினாள். நல்ல உயரம், நல்ல பருமன். புருஷனைவிட ஒன்றரை ஆள் இருப்பாள். நெற்றியில் கத்திரித் தோட்டத்துக் காயம் ஆறிக்கொண்டிருந்தது. புகையிலை உதறிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். போகச் சொல்லி யாரும் அதட்டவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டில் ஏறி, சங்கிலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"நல்லாப் பாத்து நிறுங்கண்ணே. புகையிலைக்கு ஈரம்னு கொஞ்சம் கழிப்பீகளே, எனக்கு எதைக் கழிப்பீக?"

"வாயைக் கழிச்சாலே பாதி கொறஞ்சிரும்" என்றாள் மாமியார்.

எடைக்காரர் மறு தட்டில் கருங்கல் துண்டுகளை அடுக்கினார். தராசு அசையவில்லை. இன்னொன்று வைத்தார். "வையி, இன்னும் வையி. என் மகன் இழுக்குற பாரம் என்னன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்று மாமியார் தூண்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் சிரிப்பு. வியாபாரி எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். கடைசிக் கல்லில் அவள் தட்டு மெல்ல மேலே எழுந்தது. கால் தரையில் படாமல் தொங்க, அவள் யாரையும் பார்க்காமல் என்னைக் கேட்டாள்.

"இறங்கலாமா? இல்ல சிப்பம் கட்டி முத்திரை குத்திட்டுத்தான் விடுவீகளா?"

அந்தக் கற்களைப் பெட்டியில் ஏற்றி வைத்து வேலை பார்த்தேன். சக்கரங்களை ஒட்டி இரண்டு பக்கமும் நேர்ப்பலகை வைத்து, முன்னால் உள்ள இடைவெளி பின்னால் உள்ளதைவிட ஒரு நூல் குறையும்படி பெட்டிச் சக்கரத்தை உள்ளே திருப்பினேன். தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் சாய்மானம் பார்த்தேன். அந்தக் கனம் ஏறிய பிறகு வண்டி நிமிர்ந்து, வலப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்து நிற்கும்படி பூட்டினேன். எங்கும் படித்ததில்லை. என் கண்தான் எனக்குப் புத்தகம்.

பிறகு அவர்கள் வீட்டு வாசலுக்கே வண்டியைக் கொண்டுபோய், அவளை உட்காரவைத்து, வியாபாரியைப் பின்சீட்டில் ஏறச் சொன்னேன். "நான் இங்கிருந்தே பாக்குறேன்" என்று படியிலேயே நின்றுகொண்டார். வத்தலக்குண்டு ரோட்டில் நல்ல வேகத்தில் போகும்போது இரண்டு கையையும் விட்டேன். கோடு கிழித்த மாதிரி போனது.

"அண்ணே, கையைப் பிடிங்க" என்றாள் பதறி. நான் பிடித்ததும், "இனி இழுக்காதுல்ல?" என்றாள்.

"இழுத்தா என் கையை வெட்டிப் போடு தாயி."

"அப்ப நான் வீட்டுலயே இருந்துக்கலாம்."

அது கேள்வியா, தனக்குத் தானே சொன்னதா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன்.

திரும்பி வந்ததும் வியாபாரிக்கு விளக்கினேன். வெறும் வண்டிக்கு வைத்த அளவு அவர் மனைவியின் கனத்துக்குச் சரிப்படவில்லை, அதுதான் கோளாறு என்று ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். அவர் காதில் ஒரு வார்த்தைதான் விழுந்தது.

"ஆக, அவ கனந்தான் காரணம். வண்டிக்குக் கனம் ஒண்ணுதான் தெரியும்னு நீதானப்பா சொன்ன?"

"அதான் சரிபண்ணியாச்சே."

"தராசுல ஊரே பாத்துருச்சு. இனிமே இவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கடைவீதியில போனா எவன் சிரிக்காம இருப்பான்?"

அவள் பெட்டியிலிருந்து இன்னும் இறங்கவில்லை. எல்லாம் கேட்டது.

அடுத்த சில நாளில் அவளையும் அவள் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கன்னிவாடிக்குப் போனார். வண்டி இம்மி பிசகாமல் போயிருக்கிறது. அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வினை. வெறும் பெட்டி, கனத்துக்கு வைத்த சாய்மானம். வண்டி வலப்பக்கம் இழுத்திருக்கிறது. இடது வளைவில் பெட்டி அந்தரத்தில் தூக்க, எதிரே வந்த பூ வண்டியின் மாட்டுக் கொம்பில் சட்டை கிழிந்து, நேராக என் பட்டறைக்கு வந்தார்.

"என்னய்யா வேலை பாத்துருக்க? இப்ப வலப்பக்கம் இழுக்குது!"

"ஆள் எங்க?"

"விட்டுட்டு வாரேன். வெறும் வண்டிக்குத் திருப்பி வச்சுக் குடு."

நாலு திருகைத் தளர்த்தி இறுக்கினால் தீர்ந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் செய்திருப்பேன். திருகுச் சாவி கையில்தான் இருந்தது.

"முடியாது மொதலாளி. என் பட்டறையில ஒரு வண்டிக்கு ஒரு அளவுதான். அந்தக் கனம் உக்காந்தா நேராப் போகும். ஆள் வேணாம்னா, அந்தா மூலையில கெடக்கு, அதை ஏத்திக்கங்க."

தராசுக் கற்கள் அங்கேதான் கிடந்தன. என் ஆட்கள் கைகொடுக்கப் போனார்கள். அதட்டி நிறுத்தினேன். கிழிந்த வெள்ளைச் சட்டையோடு அந்த ஒல்லி மனிதர் ஒவ்வொரு கல்லாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் டீ குடித்தேன்.

அவர் வண்டியை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கலாம். காரணம் கேட்பார்களே என்ற கூச்சம். உள்ளூரில் நான் பூட்டியதைத் தொட எவனுக்கும் துணிச்சல் இல்லை. தொட்டிருக்கக்கூடிய ஒருவன் மில்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அதனால் அவர் போன இடமெல்லாம் கல்லும் போனது. "மொதலாளி, அக்காவுக்கு வெயில் சுடுது, குடையை விரிங்க" என்று கடைவீதியில் குரல் கொடுப்பார்கள். கீரனூர்ப் பக்கம் இரகசியமாகப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தகப்பனார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இந்தக் கல்லு எதுக்குங்க?" என்று கேட்டாராம். வந்த வழியே வண்டியைத் திருப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு தடவை பம்புசெட் எஞ்சின் பார்க்கக் கன்னிவாடி போனேன். அவள் தன் அண்ணன் தோட்டத்தில் கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று, நிறுவையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"வாங்கண்ணே. கல்லு எப்படி இருக்கு? மாமியா அதுக்காவது வயிறாரச் சோறு போடுதா?"

"பெட்டியை விட்டு எறங்குறதே இல்ல தாயி."

அவள் சிரிக்கவில்லை. தராசு முள்ளைச் சரிபார்த்து, காயை மூட்டையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"வெறும் வண்டிக்குச் சரிபண்ணிக் குடுத்துராதீகண்ணே."

வியாபாரி அதற்கப்புறமும் கேட்டு வந்தார், ஆள் விட்டும் கேட்டார். கொடுக்கவில்லை.