அவளைத் தாண்டி ஓடினேன்

மாலை நாலு மணி பத்து நிமிடம். கால்பந்து ஆட்டம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. எங்கள் கேப்டனும் என் மகளும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். காற்றிலேயே மோதிக்கொண்டு விழுந்தார்கள். கேப்டன் கீழே, அவள் மேல் என் மகள். அடுத்த கணம் என் மகள் உருண்டு அந்தப் பக்கம் போனாள்.

"அம்மா!"

மைதானத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, மற்ற பெண்களைப் போல மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு நான் சட்டம் போட்டிருந்தேன். இரண்டு வருடமாக அவள் ஒருமுறைகூட மீறியதில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் ரெஃப்ரி விசிலடிக்கும் வரை நிற்கத் தோன்றவில்லை. உள்ளே ஓடினேன். முதலில் கேப்டன்தான் கிடந்தாள். சுற்றிப் போகக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அவள் காலைத் தாண்டிக் குதித்து என் மகளிடம் போய் மண்டியிட்டேன்.

நான் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கல்லூரியில் கால்பந்து ஆடியிருக்கிறேன். எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்ததால் பெண்கள் அணியை நான் எடுத்துக்கொண்டேன். பந்து வாங்குவது பெரிய காரியமில்லை, வீடுகளில் சம்மதம் வாங்குவதுதான் பெரிய காரியம். வீடு வீடாகப் போய் மோர் குடித்து, காபி குடித்து, பத்தாம் வகுப்பு மார்க் குறையாது என்று உறுதி சொல்லி ஒவ்வொருத்தியாகக் கூட்டி வந்தேன். கேப்டனின் அம்மாவிடம் மட்டும் மூன்று முறை போக வேண்டியிருந்தது. கணவர் சிங்கப்பூரில். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம் என்று அந்த அம்மாவே நின்று சாகுபடி செய்கிறவர். அறுப்பு மெஷின்காரன், உரக்கடைக்காரன் யாரும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

"கை கால் போச்சுன்னா என்னங்க பண்றது? வயசுப் பொண்ணு" என்றார்.

"நான் கூடவே நிப்பேங்க" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா கறுத்துப் போய் வந்தா அவ அப்பா வீடியோ கால்ல என்னைத்தான் பிடிச்சுத் திட்டுவாரு."

எனக்குப் பேசப் பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் பெண்களை வட்டமாக உட்கார வைத்து மனவுறுதி, தலைமை, தோல்வியைத் தாங்குவது என்று பேசுவேன். போனில் பார்த்த வீடியோக்களிலிருந்து பாதி, என் சொந்தச் சரக்கு பாதி. அதில் எனக்குப் பெருமையான ஒன்று உண்டு. விழுந்தால் மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிட வேண்டும். "படுத்துக் கிடந்தா எதிராளிக்குத் தெம்பு வந்துடும். வலிச்சாலும் மூஞ்சில காட்டாதீங்க" என்பேன். பெண்கள் இதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். பள்ளியில் யாராவது படியில் தடுக்கினால்கூட, "ஒண்ணு... ரெண்டு... ஏய் எந்திரிடி, மிஸ் வராங்க" என்று கத்துவார்கள். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்று மூன்று எண்ணுவதற்குள் எழுந்தவள் கேப்டன். நான் அதைப் பார்க்கவில்லை.

என் மகளுக்கு முட்டியில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாத, மூச்சு விடு, மூச்சு விடு" என்று அவளை அடக்கினேன். முட்டியில் ஸ்பிரே அடித்தேன், தண்ணீர் கொடுத்தேன், தலையைத் தடவினேன். திரும்பியபோது கேப்டன் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் தலையசைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் இத்தனை வாரமாகக் கை வரவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. கேப்டன் ஓடுவது மாறிப்போயிருந்தது. இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடினாள். பந்து கோட்டுக்கு வெளியே போய் எங்களுக்கு ஒரு த்ரோ கிடைத்தது. எப்போதும் அவள்தான் போடுவாள், நீளமாகப் போடுவாள். அன்று பந்தை இன்னொருத்தியிடம் காலால் தள்ளிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு கோல் பின்தங்கி இருக்கிறோம், இவள் என்னடா என்றால் ஒதுங்குகிறாள். கோட்டோரமாக நடந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"என்னம்மா, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி நடக்குற? பூத்தட்டு தூக்கிட்டு வர்றியா? த்ரோ போடு!"

எதிரணிப் பெற்றோர் பக்கத்தில் சிரிப்பு கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். "சரி மிஸ்" என்றாள். அடுத்த த்ரோவை அவளே எடுத்தாள். பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். அது சரியாகக்கூடப் போகவில்லை, பக்கத்திலேயே விழுந்தது. "என்ன த்ரோ இது!" என்று அதற்கும் கத்தினேன்.

ஆட்டத்தில் தோற்றோம். கை கொடுக்கும் வரிசையில் அவள் வலது கையை மட்டும் நீட்டிக்கொண்டு போனாள். மரத்தடியில் வந்து உட்கார்ந்ததும் எங்கள் கோல்கீப்பர் அவளிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அவளால் மூடியைத் திறக்க முடியவில்லை. "ஏன்டி, மகாராணிக்கு மூடிகூடத் திறந்து கொடுக்கணுமா?" என்று சிரித்தபடி கோல்கீப்பர் அவள் கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "மிஸ்" என்று கூப்பிட்டாள். முன்கை வீங்கி, இருக்கக் கூடாத இடத்தில் லேசாக வளைந்திருந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேப்டன், நான், என் மகள். மற்றப் பெண்களைக் கூட வந்திருந்த அறிவியல் ஆசிரியை பஸ்ஸில் அழைத்துப் போனார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் இளைஞர். "ரெண்டு எலும்பும் போயிருக்கு. ஒண்ணு நல்லா நகர்ந்திருக்கு. விழுந்த உடனேயா வந்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எனக்கு வலிக்கல சார். அதான் விளையாடினேன்."

"இதோட விளையாடினியா? பக்கத்துல யாரும் பாக்கலையா?"

அவள் தரையைப் பார்த்தாள். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும், ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டுமா என்று அங்கேதான் சொல்வார்கள், வீட்டிலிருந்து யாராவது கூட வர வேண்டும் என்றார் டாக்டர். பழையபடி கை வருமா என்று கேட்டேன். "அசைக்காம இருந்திருந்தா சுலபமா இருந்திருக்கும். இப்போ பாக்கணும்" என்றார். அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வுக்கு அவள் போவதாக இருந்தது.

தற்காலிகக் கட்டுப் போட்டு வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அன்று அவர்கள் வயலில் அறுப்பு. அறுப்பு மெஷின் முறை வைத்துத்தான் வரும். வரும் நாளில் ஆள் நிற்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்பி எப்போது வருமோ தெரியாது, அதற்குள் ஒரு மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடும். மெஷின் இரைச்சலில் போன் எங்கே கேட்கும்? கடைசியில் கேப்டனே என் போனை வாங்கிப் பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தணிந்த குரலில் பேசினாள். "வயலுக்கு ஆள் அனுப்பறாங்களாம் மிஸ்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

என் மகள் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டாள்.

"நான் வலிச்சு கத்தலம்மா."

"என்ன?"

"அவ கை உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவளைப் பாருன்னு சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்னைப் பேசவே விடல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அவ எந்திரிச்சு நின்னு, சொல்லாதன்னு கண்ணக் காட்டினா. எந்திரிச்சுட்டாளேன்னு நானும் விட்டுட்டேன்." குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே, "நீ அவளைத் தாண்டி வந்ததை எல்லாரும் பாத்தாங்கம்மா" என்றாள். அதில் கோபம் இல்லை. அவளுக்கு என்னை நினைத்து வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் பெஞ்சுக்குத் திரும்பிக் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பன் வாங்கிக் கொடுத்தேன். பசிக்கிறதா, ஃபேன் வேண்டுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள் எல்லாவற்றுக்கும். என் மனம் முழுக்க அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதிலேயே இருந்தது. வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தேன். விளையாட்டில் இதெல்லாம் சகஜங்க என்று ஒரு தொடக்கம். அது கேவலமாகத் தோன்றியது. உங்கள் பெண் ரொம்பத் தைரியசாலி என்று இன்னொன்று. அது அதைவிடக் கேவலம். எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிடுவது என்று ஒருவழியாக முடிவு செய்தேன். முடிவு செய்ததுமே என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நல்லெண்ணம்கூட வந்துவிட்டது.

இருட்டத் தொடங்கும்போது அவர் வந்தார். மெஷினைப் பாதி வயலில் நிறுத்திவிட்டு, யாரோ ஒருவர் வண்டியில் ஏறி வந்திருந்தார். தலையிலும் புடவையிலும் நெல் சுணை. கழுத்தைச் சொறிந்துகொண்டே வேகமாக வந்து மகளின் கட்டைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"உங்க பொண்ணு எங்க மிஸ்? அதுக்குத்தான் பெரிய அடி, தனக்கு லேசாத்தான்னு இவ சொன்னாளாமே?"

"அவளுக்கு ஒண்ணுமில்லைங்க" என்றேன். பிறகு சொன்னேன். ரெண்டு பேரும் விழுந்ததும் நான் என் மகளிடம் ஓடியது, இவளைத் திரும்பிப் பார்க்காதது, முறிந்த கையோடு நின்றவளை ஊர் சிரிக்கக் கேலி செய்தது, அந்தக் கையாலேயே த்ரோ போட வைத்தது. "தப்பு என் மேலதாங்க. நீங்க என்னை மன்னிக்கணும்" என்றேன். அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

அவர் கையைக் கொடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதையெல்லாம் எங்கிட்ட ஏங்க சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க. இந்தா, பக்கத்துலதானே உக்காந்திருக்கா."