முதல் கையெழுத்து ராஜகுமாரி

எச்சில் தொட்ட விரலால் இஸ்திரிப் பெட்டியின் அடியை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறாள் ராஜகுமாரி. ‘சுர்’ரென்று சத்தம் வந்தால் வேட்டி, சட்டை. சத்தம் சோம்பலாக வந்தால் சேலை. மூடியில் ஆணியால் துளை போட்ட பாட்டிலை உதறித் தண்ணீர் தெளித்துப் பெட்டியை ஓட்டத் தொடங்கிவிட்டால், யார் கூப்பிட்டாலும் காலர் முடியும்வரை நிமிர மாட்டாள். “தோ வந்துட்டேன், காலர்ல கீறேன்” என்பாள். அயனம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிகளில் இந்த வாசகம் ரொம்பப் பிரபலம். பள்ளிக்கு நேரமாச்சு என்று கத்தும் அம்மாக்களிடம் பிள்ளைகள் குளியலறைக்குள்ளிருந்து “காலர்ல கீறேன்” என்று பதில் சொல்கின்றன.

அவளுடைய இஸ்திரி வண்டி நிற்பது பழைய பம்ப் ஹவுஸ் மனையின் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில். பதினாறு வருடமாக அதே இடம். வாடகை வீடு மட்டும் அதற்குள் ஐந்து மாறிவிட்டது. இப்போது இருப்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை; அதையும் தை மாதம் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர். பம்ப் ஹவுஸ் ஓடுவது நின்று, சுவர் சரிந்து, முப்பது சென்ட் நிலம் மாநகராட்சி கையில் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறாது?

அவளுக்குக் கைராசி என்று ஒரு பேர் உண்டு. மூன்றாவது மாடி கிருஷ்ணப்பிரியாவின் கணவனுக்கு ஐந்து நேர்முகத் தேர்வு ஊற்றிக்கொண்டது. ஆறாவதற்கு ராஜகுமாரி தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனான், வேலை கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி. புது ஆட்டோ வாங்கினால் முதல் சவாரி அவள், தக்காளி வண்டிக்காரருக்கு முதல் போணி அவள். “என் ராசி எனுக்கு மட்டும் வேல செய்ய மாட்டேங்குது நைனா, ஊருக்கெல்லாம் செய்யுது” என்று சிரிப்பாள். சிரிப்பு முடியும்போது முகம் கொஞ்சம் சுருங்கும்.

ஆக, மாநகராட்சிக்கு மனு எழுதியவர்களெல்லாம் முதல் கையெழுத்துக்கு அவளிடம்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் ஜானகிராமன், அடுக்குமாடி நலச்சங்கச் செயலாளர், வங்கியில் ஓய்வு பெற்றவர். “அந்த மனையில பார்க் கேக்கறோம்மா. நடைபாதை, ஊஞ்சல், பெரியவங்க உக்கார பெஞ்சு. உங்க கையால ஆரம்பிச்சு வைங்க.” ஆரம்பித்து வைத்தாள்.

மறுவாரம் வேம்புலி வந்தான். பெயின்டர். ஏரிக்கரைக் குடிசைகளில் இருப்பவன். “அக்கா, அந்த எடத்துல ஊடு கட்டித் தரச் சொல்லிக் கேக்கறோம். மொத கையெயுத்து நீதான்.” ஊடு என்றதும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இரண்டு தடவை போடட்டுமா என்றாள்.

பிறகு தேவராஜ். மேம்பாலத்துக்கு அடியில் பிள்ளைகளுக்குப் பறையும் கேரமும் சொல்லித்தருகிறவன். ராஜகுமாரியின் மகள் வர்ஷாவும் அங்கேதான் பறை அடிக்கிறாள். “மழை வந்தா பிராக்டிஸ் காலிதான்க்கா. ஒரு கலையரங்கம் கட்டிக் குடுத்தா போதும்.” அதற்கும் போட்டாள். ஒரே மனைக்கு மூன்று மனு என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள், கேட்டதும் எல்லாம் நல்லது. போடாமல் எப்படி இருப்பது?

தேய்க்க வரும் துணியில் பையைத் துழாவுவது அவள் வழக்கம். கிடைக்கும் சில்லறை, சாவி, மாத்திரைப் பட்டை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்து உரியவரிடம் போய்ச் சேரும். போன புதன்கிழமை, ஒரு தடவை போட்டுவிட்டுத் துவைக்காமலே தேய்க்க வந்த ஜானகிராமனின் பேன்ட் பையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. கசங்கியிருந்ததால் அதன்மேலும் பெட்டியை லேசாக ஓட்டினாள். தன் கையெழுத்து தெரிந்ததும் சந்தோஷமாகி, மேலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான்காவது வரியில் வந்து நின்றாள். ‘பூங்காவின் நுழைவாயிலை மறைத்து நிற்கும் வண்டிகளை உடனடியாக அகற்ற வேண்டும்.’

நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாசலில் நிற்பது ஒரே ஒரு வண்டிதான்.

ஜானகிராமன் சாரா இப்படி எழுதினார்? போன தீபாவளிக்கு வர்ஷாவுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தவர். தினம் போகும்போது “சாப்டாச்சாம்மா?” என்று கேட்காமல் போகாதவர். வண்டி என்று எழுதும்போது அதற்குப் பின்னால் நிற்கிற ஆளை எப்படி மறந்தார்? கோபப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் காகிதத்தை மடித்து அதே பையில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். அன்று ஒரு நைட்டி கருகிப்போனது. பதினாறு வருடத்தில் முதல் தடவை.

சாயங்காலம் வேம்புலியைப் பிடித்தாள். “டேய், உன் மனுல நான் கீறேனாடா?”

“மொத பேரே நீதானக்கா.”

“அத்த உடு. ஊடு வந்தா எனுக்கு ஒண்ணு உண்டா?”

வேம்புலி தலையைச் சொறிந்தான். “ஏரிக்கரைல கீற இருபத்திரெண்டு ஊட்டுக்கு மட்டும்தான் எய்திக்கீதுக்கா. நீ வாடகைல கீறியே...”

தேவராஜிடம் கேட்டதற்கு, மேடை சரியாக மரத்தடியில்தான் வரும் என்று கையை விரித்து அளந்தே காட்டினான் பாவம், அவ்வளவு உற்சாகம். இரவெல்லாம் புரண்டாள் ராஜகுமாரி. ஊரே தன் பேரை முதலில் எழுதிக்கொண்டு, தன்னை மட்டும் எப்படி விட்டுவிட்டது?

ஞாயிற்றுக்கிழமை அந்த மனையிலேயே பந்தல் போட்டுப் பகுதிசபைக் கூட்டம். கவுன்சிலர் தாட்சாயிணி மூன்று மனுக்களையும் வாங்கி வரிசையாக வைத்தார். இந்த வருட நிதியில் ஏதாவது ஒன்றுக்குத்தான் பரிந்துரை செய்ய முடியும் என்றார். ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நடக்க இடமில்லாமல் சர்க்கரை ஏறுகிறது என்றது ஒரு குரல். மழைக்கு ஊட்டுக்குள்ளே ஏரி வருது, ஒனுக்கு வாக்கிங்கா என்றது இன்னொன்று. கவுன்சிலர் மனுக்களைப் புரட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“யாரு இந்த ராஜகுமாரி? மூணுலயும் மொத ஆளா இருக்காங்க?”

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ கெக்கலித்தார்கள். கடைசி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“நீங்க எந்தப் பக்கம்மா?”

“எனுக்கே ஒரே கொயப்பமா கீதும்மா. பார்க் வந்தா நல்லதுதான். ஊடு இல்லாதவங்களுக்கு ஊடு வேணும்தான். புள்ளைங்களும் நனையக் கூடாது. ஆனா எது வந்தாலும் நான் இங்கேர்ந்து போவணும்னு எய்திக்கீதே, அதான் புர்ல.”

ஜானகிராமன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தாட்சாயிணி ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தனுப்பினார். “உங்களுக்கு என்ன வேணுமோ தனியா எழுதிக் குடுங்கம்மா. அதையும் சேர்த்து வைக்கறேன்.”

தாளைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். புதுத் தாள், சுருக்கமே இல்லை, இருந்தாலும் நீவினாள். என்னவென்று எழுதுவது? வீடு கேட்டால் மரம் போய்விடும். மரத்தடியைக் கேட்டால் தை மாதம் வர்ஷாவோடு எங்கே போய் நிற்பது? இரண்டையும் கேட்டால் பேராசை பிடித்தவள் என்பார்களோ? மேடையில் அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது. பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

பிறகு சட்டென்று எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, முன்வரிசையில் இருந்த ஜானகிராமனிடம் போனாள். தாளை அவர் மடியில் வைத்தாள்.

“சார், மொத கையெயுத்து நீ போடு.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “ஒண்ணுமே எழுதலையேம்மா?”

“அப்பால எய்திக்கலாம் சார். நான் படிச்சுப் பாத்தா போட்டேன்?” என்றபடி, காற்றில் பறக்காமல் தாளை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.