சுகமாகவில்லை என்று ஒரு சாட்சி

என் பேத்திக்கு வலிப்பு இல்லை, பிசாசு இல்லை, கொழுப்பும் இல்லை. வலிப்பு என்று பயந்தவள் என் மகள். மற்ற இரண்டையும் நம்பியவன் நான். மும்பை தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அதன் திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசியவன்.

மகளும் பேத்தியும் தாராவியின் லேபர் கேம்ப் பகுதியில் என்னோடுதான் இருக்கிறார்கள். பேத்திக்கு முதலில் கண்ணில்தான் ஆரம்பித்தது. இறுக்கி மூடி மூடித் திறப்பாள். மொபைல் பார்த்து வந்த வினை என்றேன். பார்வையில் குறையில்லை என்றார் கண் டாக்டர். கொஞ்ச நாளில் கண் அடங்கிவிட்டது. கழுத்து சட்டென்று ஒரு பக்கமாக வெட்ட ஆரம்பித்தது. கூடவே தொண்டையில் விக்கல் போல ஒரு சத்தம்.

"வலிப்பா இருக்குமோப்பா?" என்றாள் மகள்.

வலிப்பு வந்த பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டால் கேட்காது, பார்வை எங்கோ நிற்கும். இவளோ கழுத்தை வெட்டிக்கொண்டே என்னிடம் ஊறுகாய் கேட்கிறாள். வலிப்பு இல்லை என்று சரியாகச் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

விருந்தாளிகள் வந்த ஒரு நாள், "நிப்பாட்டுட்டி" என்று அதட்டினேன். நின்றது. அவர்கள் போகும்வரை நின்றது. அதுதான் என்னைக் கெடுத்தது. அதட்டினால் நிற்கிறதென்றால், வேண்டுமென்றுதானே செய்கிறாள்? அவர்கள் போனதும் கதவுக்குப் பின்னால் நின்று, அடக்கியதெல்லாம் சேர்ந்துவர, வெட்டி வெட்டி அழுதாள். அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் சபையின் உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போனேன். கழுத்தில் எண்ணெய் பூசி, ஏதோ ஆவி என்று துரத்தினார்கள். நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். சில வாரங்களில் வெட்டு ஏறக்குறைய நின்றே போனது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுகம் பெற்றவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கிடைத்ததை மறைத்தவர் என்று பேச்சு வரும்.

"வேணாம் தாத்தா. உள்ள இன்னும் இருக்கு. தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சமா வருது" என்றாள்.

நான் கேட்கவில்லை. தமிழ் வாசிக்க வராதவளுக்கு இந்தி எழுத்தில் எழுதிக்கொடுத்து, மனப்பாடம் செய்யவைத்து, கையில் மைக்கையும் கொடுத்தேன். பூரண சுகம் பெற்றேன் என்று சொன்னாள். சபை கை தட்டியது. என் கைதான் அதிகம் தட்டியிருக்கும்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எல்லாம் திரும்பி வந்தது. இம்முறை தோளும் சேர்ந்துகொண்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவளை "பொய்ச்சாட்சி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்துச் சந்து அக்கா ஒருத்தி என்னை நிறுத்தி, "சார்வாள், பிள்ளைக்கு விசுவாசம் காணாது. பின்வாங்கிட்டா, பாத்துக்கிடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து குழந்தையிடம் கேட்டேன்: "என்னட்டி பாவம் பண்ணுன?"

அதன்பின் அவள் சபைக்கு வருவதை நிறுத்தினாள். என்னோடு பேசுவதையும்.

மகள்தான் விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் இளம்பெண், மராட்டி. என்னை ஒன்றும் கேட்கவில்லை. இந்தியில் பேத்தியைத்தான் கேட்டார். வருவதற்கு முன்னால் தெரியுமா? தும்மல் வருகிற மாதிரி இருக்கும், ஆனால் கழுத்தில் என்றாள் பேத்தி. அடக்க முடியுமா? கொஞ்ச நேரம் முடியும், அப்புறம் மொத்தமாக வரும். செய்யாவிட்டால் யாருக்காவது கெட்டது நடக்கும் என்று பயம் வருமா? இல்லை, செய்தால் அந்த உறுத்தல் போகும், அவ்வளவுதான்.

பிறகு எங்களுக்கு விளக்கினார். பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்தால் அது வேறு. சின்ன வயதிலிருந்தே ஒரே மாதிரி கையை உதறிக்கொண்டு, அதில் சந்தோஷப்படும் பிள்ளைகள் வேறு. இது இடம் மாறுகிறது, முன்கூட்டியே உறுத்துகிறது, கொஞ்ச நேரம் அடங்குகிறது, ஏறி இறங்குகிறது. இதன் பெயர் டிக், தானாக வரும் துடிப்பு. அடக்க முடிவதால் வேண்டுமென்று செய்வதாக ஆகாது. திட்டினால், உற்றுப் பார்த்தால் கூடும்.

"ஜெபம் பண்ணினதும் நின்றதே?" என்றேன்.

"உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லோரும் எங்காவது ஓடுவார்கள். உச்சத்துக்கு அப்புறம் இறங்கத்தான் செய்யும்" என்றார்.

நான் இன்றும் ஜெபிக்கிறவன்தான். அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் ஒரு குழந்தையின் வாயில் பொய்யை வைத்தவன் நான். பொய்ச்சாட்சி என்ற பெயரை அவள் சுமப்பதை இனி விடமாட்டேன். சபையில் எழுந்து பேசப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். வெகுநாள் கழித்து என்னை நேராகப் பார்த்தாள்.

"என்னப் பத்தி ஒண்ணும் பேசக்கூடாது. நீங்க செஞ்சத மட்டும் சொல்லுங்க. பக்கா?"

"பக்கா."

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். பேத்தி கடைசி பெஞ்சில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மைக்குல போன வருசம் ஒரு பொய்ச்சாட்சி சொல்லப்பட்டுச்சு. அத எழுதுனது நான். சொல்ல மாட்டேன்னத சொல்ல வச்சது நான்."

பாஸ்டர் பதறிவிட்டார். "சார்வாள், தனியா பேசிக்கிடலாமே."

"பொய்ய மைக்குல சொல்ல வச்சேன் பாஸ்டர். மெய்ய மட்டும் தனியாவா சொல்லணும்?"

அந்தப் பக்கத்துச் சந்து அக்கா பெண்கள் பக்கமிருந்து, "அப்போ பிள்ளைக்கு இன்னும் சுகமாகலியா?" என்றாள்.

"அது ஒங்க விசாரணையில்லம்மா. நான் என்னப் பத்திச் சொல்லுதேன்."

அப்போது பின்னாலிருந்து அந்த விக்கல் சத்தம் வந்தது. ஒன்று, உடனே இன்னொன்று. தலைகள் வரிசையாகத் திரும்பின.

"இங்க பாருங்க" என்று மைக்கில் கத்தினேன். "பேசிட்டு இருக்கது நான்."

திரும்பிய தலைகள் எல்லாம் என் பக்கம் வரவில்லை. சில வந்தன.

ஆராதனையில் வேதம் வாசிப்பவர்கள் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும். பேத்தி சில ஞாயிறு வருகிறாள், சில ஞாயிறு வருவதில்லை. நான் காரணம் கேட்பதில்லை. என்னை மன்னித்தாளா என்றும் கேட்கவில்லை. கேட்டால், எனக்காக அவள் இன்னொரு முறை ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.